வில்லியம் ரீடின் புயல் வட்டங்களை நாகப்பட்டினத்தில் வரைந்து பார்த்தேன்

ஒளி ஊடுருவும் ஒரு தாள். அதில் ஒரே மையத்தைச் சுற்றிச் சில வட்டங்கள். வட்டத்தின் மேல் காற்று ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறிகள். புயல் அட்டை என்பது இவ்வளவுதான். கடல் வரைபடத்தின் மேல் இதை வைத்து நகர்த்தினால், நடுக்கடலில் தனியாக மாட்டிக்கொண்ட கப்பல் தலைவர் தன்னைச் சுற்றி வீசும் காற்றை மட்டும் கொண்டு புயலின் மையம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடலாம். வானொலியோ தந்தியோ கடலில் இல்லாத 1840களில் இது பெரிய விஷயம்.

அட்டையை மாலுமிகள் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். விளக்குக் கூண்டுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி மெல்லிய கொம்புத் தகட்டில் வட்டங்களைப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அவர் நின்றது வில்லியம் ரீடின் தோளில். ரீட் வானிலைக்காரர் இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் எஞ்சினியர்ஸ் பிரிவில் கோட்டைச் சுவர் உடைத்தவர், கட்டடம் கட்டியவர், கடைசியில் பெர்முடா, பார்படோஸ், மால்டா என்று மூன்று இடங்களில் கவர்னராக இருந்தவர்.

எனக்குப் பழைய அளவுக்கருவிகளைப் பிரித்துப் பார்ப்பது பொழுதுபோக்கு. ரீடைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவர் செய்ததைக் கையால் செய்து பார்த்தால்தான் புரியும் என்று தோன்றியது. தேவைப்பட்டவை இரண்டு: காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு பாரமானி, ஒரு புயல் அட்டை.

பாரமானி

ரீட் காலத்துக் கப்பல்களில் இருந்தது பாதரசப் பாரமானி. பாதரசத்தை வீட்டில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை. அதனால் அனிராய்டு வகைக்குப் போனேன். லூசியன் விடி என்ற பிரெஞ்சுக்காரர் 1840களில் கண்டுபிடித்தது. ரீட் பெர்முடாவில் கவர்னராக இருந்தபோதுதான் வெளியே வந்தது.

பழைய சாமான் கடையில் கிடைத்த பித்தளைப் பாரமானியில் முள் செத்துக் கிடந்தது. விரலால் கண்ணாடியைத் தட்டினால் ஆடும், அப்புறம் அதே இடத்தில் நிற்கும். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எல்லாம் இருந்தது. நடுவில் காற்றை உறிஞ்சியெடுத்த, வளையம் வளையமாக மடிப்பு வைத்த உலோக டப்பி. அது நசுங்கிவிடாமல் மேலே இழுத்துப் பிடிக்கும் தடித்த வில்பட்டை. காற்றழுத்தம் கூடினால் டப்பி ஒரு மயிரிழை அமுங்கும், குறைந்தால் எழும்பும். அந்த மயிரிழை அசைவை நெம்புகோல்கள் பெரிதாக்கி, சைக்கிள் செயினின் குட்டித் தம்பி போன்ற ஒரு சங்கிலி வழியாக முள்ளின் தண்டைச் சுற்ற வைக்கின்றன. அந்தச் சங்கிலிதான் தண்டிலிருந்து நழுவி, பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

டப்பி ஓட்டையாகி உள்ளே காற்றுப் புகுந்திருந்தால் கதை முடிந்தது, வேறு டப்பி தேட வேண்டும். அதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பின்பக்கம் திறந்திருக்கும்போது வில்பட்டை டப்பியை இறுக்கமாக இழுத்துப் பிடித்திருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. டப்பி தொளதொளவென்று உப்பியிருந்தால் இல்லை. இது இறுக்கமாகவே இருந்தது.

சங்கிலியின் அழுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தூரிகையால் எடுத்தேன். சங்கிலிக்கு எண்ணெய் போடக் கூடாது. தூசியை இழுத்துக்கொண்டு கெட்டியாகிவிடும். சுழலும் முனைகளுக்கு மட்டும் ஊசி நுனியில் கடிகார எண்ணெய். முள்ளின் தண்டில் மயிர்ச்சுருள் ஒன்று உண்டு. அதன் வேலை சங்கிலியைத் தொய்வில்லாமல் இழுத்து வைப்பது. சங்கிலியை மாட்டும் முன் தண்டை ஒரு சுற்றுத் திருப்பிச் சுருளுக்கு முறுக்கேற்றிவிட்டு, அப்படியே சாமணத்தால் பிடித்துக்கொண்டு கொக்கியை மாட்ட வேண்டும். மூன்றாவது கை இருந்தால் நல்லது.

வேலை செய்கிறதா என்று பார்க்க, பாரமானியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் காற்றோடு அடைத்து, பையை மெதுவாக அமுக்கினேன். முள் ஏறியது, விட்டதும் இறங்கியது. அடுத்து மாடிப்படி. கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் எட்டு மீட்டருக்குச் சற்று மேலே ஏறினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும். மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனால் முள்ளின் நகர்வு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தது. பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி, வானிலை ஆய்வு மையம் அன்றைக்குச் சொன்ன கடல்மட்ட அழுத்தத்துக்கு முள்ளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். முகப்பில் பாதரச அங்குலக் கணக்குதான் இருக்கிறது. ஒரு அங்குலம் 33.86 ஹெக்டோபாஸ்கல் என்று பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

முகப்பில் 'புயல்', 'மழை', 'மாற்றம்', 'தெளிவு' என்று ஆங்கிலத்தில் அலங்காரமாக எழுதியிருக்கிறதே, அதை நம்பினால் நம் ஊரில் வருடம் முழுக்க 'மாற்றம்'தான். அந்த எழுத்து இங்கிலாந்து வானத்துக்கு. நம் பக்கம் பார்க்க வேண்டியது வேறு. வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தத்துக்கு ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் பள்ளம், இரவு 10க்கு மறுபடி உச்சம், விடிகாலை 4க்குப் பள்ளம். வித்தியாசம் சுமார் மூன்று ஹெக்டோபாஸ்கல். அதனால் மாலையில் முள் இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்பதோடு ஒப்பிட வேண்டும். ஏற வேண்டிய நேரத்தில் முள் ஏறாமல் நின்றால் அதுதான் சேதி. பார்படோஸின் பிரிட்ஜ்டவுனும் நம் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13.1 டிகிரி வடக்கில் இருக்கின்றன. ரீட் அங்கே பார்த்த அழுத்தமும் இதே தாளத்தில்தான் ஏறி இறங்கியிருக்கும்.

கோட்டை உடைத்தவர் காற்றுக்கு வந்த கதை

ரீட் 1791இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் கிங்லாஸி என்ற ஊரில் பிறந்தார். அப்பா தேவாலயப் போதகர். 1809இல் ராயல் எஞ்சினியர்ஸில் அதிகாரி. அடுத்த வருடமே வெலிங்டனின் படையோடு ஐபீரியத் தீபகற்பப் போர். சியுடாட் ரோட்ரிகோ, படாஹோஸ், சான் செபாஸ்டியன் முற்றுகைகளில் இருந்தார், காயமும் பட்டார். முற்றுகைப் போரில் எஞ்சினியர் அதிகாரியின் வேலை பள்ளம் தோண்டும் இடத்தைக் குறிப்பது, பீரங்கி மேடை அமைப்பது, சுவரில் விழுந்த ஓட்டை ஆள் ஏறும் அளவுக்கு இருக்கிறதா என்று கிட்டப்போய்ப் பார்ப்பது. அதற்கப்புறம் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ், 1816இல் அல்ஜியர்ஸ் மீதான குண்டுவீச்சு, பின்னர் அயர்லாந்தில் நில அளவை. இதுவரைக்கும் அவர் காலத்து எஞ்சினியர் அதிகாரி யாருக்கும் வாய்க்கக்கூடிய வாழ்க்கைதான்.

1831 ஆகஸ்டில் பார்படோஸ் தீவைச் சூறாவளி அடித்துத் துடைத்தது. செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். மறு வருடம் அரசுக் கட்டடங்களைத் திரும்பக் கட்டுவதற்காக ரீட் அனுப்பப்பட்டார். கட்டப்போனவர் இதை இடித்தது எது என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போன இடம் இது. இடிந்ததை அளந்து எஸ்டிமேட் போட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம்.

பதில் தேடும்போது கண்ணில் பட்டது அமெரிக்கரான வில்லியம் ரெட்ஃபீல்டின் கட்டுரை. ரெட்ஃபீல்ட் தொழிலால் சேணம் செய்பவர், பின்னால் நீராவிப் படகு நடத்தியவர். 1821 செப்டம்பரில் ஒரு புயலுக்குப் பின் கனெக்டிகட் பகுதியில் நடந்து போனபோது, ஓரிடத்தில் மரங்கள் ஒரு பக்கமாகவும் தொலைவில் வேறோர் இடத்தில் நேர் எதிர்ப் பக்கமாகவும் சாய்ந்து கிடந்ததைக் கவனித்தார். காற்று நேராக வீசவில்லை, சுழன்றிருக்கிறது என்று பத்து வருடம் கழித்து எழுதினார். 2018 நவம்பரில் கஜா போன பிறகு வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. ஒரே தோப்பில் ஒரு மரம் தெற்கே தலைவைத்தும் அடுத்தது வடக்கே தலைவைத்தும் கிடந்தன.

ரெட்ஃபீல்ட் சொன்னதை ரீட் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சோதித்தார். கடற்படையின் கப்பல் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினார். கப்பலில் காற்றின் திசை, வேகம், கப்பலின் இடம் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் எழுதி வைப்பது வழக்கம். ஒரே புயலில் மாட்டிய பல கப்பல்களின் பதிவேடுகளை எடுத்து, ஒரே நேரத்தில் யாருக்கு எந்தக் காற்று என்று வரைபடத்தில் அம்புக்குறியாகப் போட்டார். 1780இன் பெரும் சூறாவளிக்கும் செய்தார், 1837இல் கரீபியனைத் தாக்கிய புயல்களுக்கும் செய்தார். அதில் ஒன்றுக்கு 'ரேசர்' என்ற கப்பலின் பெயரே நிலைத்துவிட்டது.

1838இல் 'புயல்களின் விதி' பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அதில் வரும் ஒரு சம்பவம் இலங்கைக் கரையில் தொடங்குகிறது. 1809 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கூட்டமாக, அங்குள்ள காலி என்ற துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்பின. காவலுக்குக் கடற்படையின் 'கல்லோடன்'. மார்ச் நடுவில் மொரீஷியஸ் பக்கம் புயலில் மாட்டி நான்கு கம்பெனிக் கப்பல்கள் ஆளோடு காணாமல் போயின. தப்பிய கப்பல்களின் பதிவேடுகளை ரீட் அடுக்கிப் பார்த்தபோது, அங்கே காற்று கடிகார முள் போகும் பக்கமாகச் சுழன்றிருந்தது. வட பாதியில் இடம்சுழி, தென் பாதியில் வலம்சுழி. இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அதுவரை ஊகம். பதிவேடுகளை வைத்து அதைக் காட்டியவர் ரீட்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். இந்த முறையில் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் கப்பல் அதிகாரிகள். 1831இல் பார்படோஸில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்து அடிமைகள். அவர்கள் குடிசையைக் காற்று எந்தப் பக்கமிருந்து பெயர்த்தது என்று மணிபோட்டு எழுதி வைக்க யாரும் இல்லை.

அட்டை செய்வது

ஏ4 தாளில் வங்கக் கடல் வரைபடத்தை அச்செடுத்தேன். அளவு: ஒரு சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர். ஒரு டிகிரி அட்சம் 111 கிலோமீட்டர் என்பதால் தாளில் அது 2.2 சென்டிமீட்டர் வர வேண்டும். பிரிண்டரில் 'தாளுக்குப் பொருத்து' என்ற வசதியை அணைத்துவிட்டு, ஸ்கேல் வைத்து அளந்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அட்டைக்கு ஓஎச்பி ஷீட், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். இன்னும் ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. கவராயத்தின் முள் நழுவாமல் இருக்க மையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டு, சிடி மார்க்கரால் 2, 4, 6, 8 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டங்கள் போட்டேன். தரையில் அவை 100 முதல் 400 கிலோமீட்டர். பாகைமானி வைத்துப் பதினாறு திசைக்கும் ஆரக்கோடு. ஒவ்வொரு கோடும் வட்டத்தைத் தொடும் இடத்தில், கோட்டுக்குச் செங்குத்தாக, இடம்சுழியாக ஓர் அம்புக்குறி.

இனி பெயர் எழுதுவது. மையத்துக்கு வடக்கே அம்பு மேற்கு நோக்கி ஓடும், ஆக அங்கே இருப்பவருக்கு அது கொண்டல், கிழக்கிலிருந்து வரும் காற்று. மேற்கே இருப்பவருக்கு வாடை, வடக்குக் காற்று. தெற்கே கச்சான், மேற்குக் காற்று. கிழக்கே சோழகம், தெற்குக் காற்று. துறைமுகத்தில் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டியபோது அட்டையை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்ன தம்பி புதுசு? வாடை அடிச்சுக்கிட்டே இருந்து கொண்டலுக்குத் திரும்பிட்டா, புயல் நமக்குத் தெக்கால ஏறிடுச்சுன்னு அர்த்தம். எங்கப்பா சொல்லுவாரு."

"வேதாரண்யத்துல இருக்கவங்களுக்கு அண்ணே?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அவங்களுக்கு வாடையிலேர்ந்து கச்சானுக்குல்ல போவும்."

சரியாகச் சொன்னார். அட்டையைக் கஜாவின் பாதையில் நகர்த்திக் காட்டினேன். அது 2018 நவம்பர் 16 விடிவதற்கு முன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. மையத்துக்கு வடக்கே இருக்கும் நாகையின் மேல் அட்டை வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று காட்டிக்கொண்டே போகிறது. தெற்கே இருக்கும் கோடியக்கரையின் மேல் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. மையம் நேராகத் தலைக்கு மேல் போகிற இடத்தில் வடக்கு, அமைதி, தெற்கு. நடுவில் வரும் அமைதியைப் பார்த்துப் புயல் ஓய்ந்தது என்று வெளியே வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ரீட் கண்ட விதியைக் கையாலேயே செய்யலாம். காற்று வரும் திசையைப் பார்த்து நின்று வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினால், கை காட்டும் பக்கம் மையம். ஆனால் எவ்வளவு தூரத்தில் என்று இது சொல்லாது. ஒரே ஆள் ஒரே இடத்தில் நின்றால் கிடைப்பது ஒரு கோடு மட்டும். இரண்டாவது ஆள் வேறோர் இடத்திலிருந்து கோடு போட்டால், இரண்டும் வெட்டும் இடம் மையம். பதிவேடுகளை ரீட் மூட்டையாகச் சேர்த்ததன் அர்த்தம் அட்டையைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் வடகிழக்குக் காற்று, காரைக்காலில் வடவடமேற்கு, திருகோணமலையில் மேற்குவடமேற்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஊரிலிருந்தும் கோடு போட்டால் 11.5 டிகிரி வடக்கு, 82.5 டிகிரி கிழக்கு பக்கத்தில் வந்து கூடும். காரைக்காலுக்குக் கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர்.

வட்டம் ஏன் ஒத்துவரவில்லை

மேலே இருப்பது தாளில் போட்ட கணக்கு. உண்மையான புயல் நாட்களில் நிலையங்கள் வெளியிட்ட காற்றுத் திசைகளை எடுத்துச் செய்தால் கோடுகள் ஒரு புள்ளியில் கூடுவதில்லை. முக்கோணம் மாதிரி ஒன்றை ஒன்று தள்ளியே வெட்டிக்கொள்கின்றன. விலகல் தாறுமாறாக இல்லை. எல்லாக் கோடுகளும் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கின்றன.

காரணம் தெரிந்ததுதான். புயலில் காற்று வட்டமாக மட்டும் ஓடுவதில்லை, உள்நோக்கியும் சரிகிறது. ரீட் காலத்திலேயே இதில் பெரிய சண்டை. ஜேம்ஸ் எஸ்பி என்ற அமெரிக்கர் காற்று நாலாபக்கமிருந்தும் மையத்தை நோக்கிப் பாய்கிறது என்றார். ரெட்ஃபீல்ட், இல்லை, சுழல்கிறது என்றார். ரீட் ரெட்ஃபீல்ட் பக்கம். கடைசியில் இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. காற்று சுருள் பாதையில் போகிறது. கடல் மேல் சுமார் 20 டிகிரி உள்ளே சாயும், நிலத்தில் மரமும் வீடும் உரசுவதால் இன்னும் அதிகம். பின்னாளில் மொரீஷியஸில் சார்லஸ் மெல்ட்ரம், மையம் காற்றுக்குச் சரியாகச் செங்குத்தில் இருக்கிறது என்று நம்பும் கப்பல்கள் ஏமாறும் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

ஆகவே இரண்டாவது ஷீட்டில் அம்புகளை எல்லாம் 20 டிகிரி உள்ளே சாய்த்துப் போட்டேன். கோடுகள் நெருங்கி வந்தன. கரையோர நிலையங்கள் கொஞ்சம் முரண்டுபிடித்தன. கடற்காற்று நேராக வந்து சேரும் தீவு, துறைமுக நிலையங்கள் ஒழுங்காக இருந்தன. கை விதியையும் திருத்திக்கொள்ளலாம்: நீட்டிய வலது கையைத் தோளுக்குக் கொஞ்சம் பின்னே தள்ளுங்கள்.

ரீடின் வட்டம் பிழை என்று இதனால் தூக்கிப்போட மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில், தொடுவானம் தெரியாத மழையில், நான் ஆபத்தான பாதியில் இருக்கிறேனா இல்லையா என்று தெரிய இருபது டிகிரி பிசகு பெரிதில்லை. அதற்குக் காற்று எந்தப் பக்கமாகத் திரும்புகிறது என்பது போதும். கடிகாரப் பக்கமாகத் திரும்பினால் புயலின் பாதைக்கு வலது பக்கம் இருக்கிறீர்கள். நம் கடலில் அதுதான் மோசமான பக்கம். எதிர்ப் பக்கமாகத் திரும்பினால் இடது. திரும்பாமலே வலுத்து, பாரமானியும் இறங்கினால் நேராக உங்களை நோக்கி வருகிறது.

கவர்னர் நாற்காலியில்

நூல் வந்த மறு வருடம், 1839இல், பெர்முடாவுக்குக் கவர்னராகப் போனார். செப்டம்பரிலேயே தீவைச் சூறாவளி தாக்கியது. அங்கே அதற்கு 'ரீட் சூறாவளி' என்றே பெயர். புயல்காரருக்குப் புயலே வரவேற்புக் கொடுத்தது என்று ஊர் பேசியிருக்கும்.

ஏழு வருடம் இருந்தார். கிளம்பும்போது 'நல்ல கவர்னர்' என்ற பெயர் மிஞ்சியது. வந்த வருடமே பொது நூலகம் தொடங்கினார். நிலத்தை உழுது பயிர் செய்ய வைப்பதில் பிடிவாதமாக இருந்தார். கிப்ஸ் குன்றின் மேல் வார்ப்பிரும்புக் கலங்கரை விளக்கம் 1846 மே மாதம் எரிய ஆரம்பித்தது. இங்கிலாந்தில் வார்த்த தகடுகளைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டியது, இன்றும் நிற்கிறது. பெர்முடாவைச் சுற்றிப் பவளப்பாறைகள், கப்பல் முட்டி உடையும் இடம். ஓர் எஞ்சினியர் கவர்னரானால் என்ன செய்வார் என்பதற்கு அந்த விளக்கைக் காட்டலாம்.

1846இல் பார்படோஸுக்கு மாற்றம், இந்த முறை கவர்னராக. 1847இல் பாரமானி அளவை அடிப்படையாக வைத்து, கரைக்கும் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கும் புயல் எச்சரிக்கை காட்டும் ஏற்பாட்டைச் செய்தார். இந்த வகையில் இதுவே முதல் என்று வானிலை வரலாற்றில் குறிக்கிறார்கள். நம் பக்கம் துறைமுகத்தில் ஒன்று முதல் பதினொன்று வரை புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அந்த வழக்கத்துக்கும் முன்னோடி. 1864இல் கல்கத்தாவைப் புயல் நாசமாக்கிய மறு வருடம் அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல்தான் வந்தது.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1849இல் இரண்டாவது புயல் நூல். 1851இல் லண்டன் கண்ணாடி மாளிகையில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு நிர்வாகக் குழுத் தலைவர், அதற்காக சர் பட்டம். அதே வருடம் மால்டா கவர்னர். கிரீமியப் போருக்குப் போகும் படைகளும் கப்பல்களும் வந்து இறங்கி ஏறிய தீவு, வேலைக்குக் குறைவில்லை. 1858இல் மால்டாவிலிருந்து திரும்பி அந்த வருடமே லண்டனில் இறந்தார்.

ஷீட்டைத் திருப்பிப் போட்டால்

தென் பாதிக்குத் தனி அட்டை வேண்டும் என்று நினைத்து ஷீட் எடுத்து வைத்திருந்தேன். தேவையில்லை. இருக்கிற அட்டையைக் குப்புறப் போட்டால் இடம்சுழி வலம்சுழியாகிவிடுகிறது, உள்ளே சாயும் அம்பு உள்ளேயேதான் சாய்கிறது. எழுத்து மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போல் தெரியும். கிழக்கு மேற்குப் பெயர்களைப் பின்பக்கம் வேறு நிறத்தில் எழுதிக்கொண்டால் சரி.

இதை வைத்து 'சார்லஸ் ஹெடில்' என்ற கப்பலின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்து பார்த்தேன். 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் பக்கம் புயலில் மாட்டிய கப்பல். காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஓடியதால், நாள்கணக்கில் மையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் பதிவேட்டை வைத்துத்தான் பிடிங்டன், கப்பல் நேராக ஓடுவதாக நினைத்துக்கொண்டு வட்டமடிக்கும் என்று காட்டினார். 'சைக்ளோன்' என்ற பெயரை அவர் புழக்கத்தில் விட்டதும் அந்தக் காலத்தில்தான். அட்டையின் மேல் பென்சில் நுனியை வைத்து அம்பு காட்டும் பக்கமே இழுத்துக்கொண்டு போங்கள். ரீடின் வட்ட அட்டையில் பென்சில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். 20 டிகிரி அட்டையில் சுற்றுக்குச் சுற்று உள்ளே போய் மையத்தில் முட்டும். காற்றோடு ஓடாதே, விலகி ஓடு என்று மாலுமிகளுக்கு ஏன் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்பது இந்தப் பென்சில் கோட்டிலேயே இருக்கிறது.

படகு அண்ணன் தனக்கும் ஒன்று கேட்டார். 20 டிகிரி அட்டையைக் கால் அளவில் சுருக்கி, காற்றுப் பெயர்களைப் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுத்தேன். கூண்டு ஏற்றினால் படகு கரையில்தான் என்பதில் அவருக்கும் எனக்கும் பேச்சே இல்லை. இது தொலைவில் இருக்கும் புயலின் போக்கைக் கரையிலிருந்து பார்க்க. செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: சூட்டில் செய்யும் லேமினேஷனுக்கு ஷீட்டைக் கொடுக்காதீர்கள், நெளிந்து வட்டம் முட்டையாகிவிடும். ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தை இரண்டு பக்கமும் போட்டு, ஓரத்தை அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் தண்ணீர் உள்ளே போகாது.